பதில் வரலைன்னா வந்துடுவோம்!

ஒரே ஒரு 'டோன்ட்'. அதை மட்டும் நான் எழுதாமல் இருந்திருந்தால், எங்கள் வகுப்பில் 52 பேர் ஓசூரில் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்திருக்க மாட்டார்கள்.

தலை சுத்துதா? இந்த வாக்கியத்தில் எத்தனை 'இல்லை', எத்தனை 'மாட்டார்கள்' என்று எண்ணிப் பார்க்காதீங்க பாஸ். அதுதான் இன்றைய மேட்டரே. நம்ம ஊர் கல்லூரிகளில் இங்கிலீஷ் என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் கலக்காது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான் என்றாலும் ப்ளஸ் டூ இங்கிலீஷில் 91 மார்க். அந்த 91 கொடுத்த தெம்புதான் என்னைக் கவிழ்த்தது.

செகண்ட் இயர். எங்கள் ட்ரிபிள் ஈ டிபார்ட்மென்டில் ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட். தலைக்கு 400 ரூபாய் வசூல். தொழிற்சாலை அதிகாரியிடம் எங்கள் சார் போனில் பேசியிருந்தார். "தேதி போட்டு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டார். "91 எங்கடா?" என்று சார் கேட்க, மெயில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் சொல்ல நினைத்தது இதுதான்: 'வெள்ளிக்கிழமைக்குள்ள உங்ககிட்ட இருந்து பதில் வரலைன்னா, திங்கக்கிழமை வந்துடறோம்.' மறுப்பு ஏதாவது இருந்தால் அவர்கள் சொல்லட்டும், சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நம்ம ஊர் நியாயம் அது.

நான் எழுதியது இது: 'அன்லெஸ் வீ டோன்ட் ஹியர் ஃப்ரம் யூ பை ஃப்ரைடே, வீ வில் கம் ஆன் மண்டே.'

'இஃப்' என்று ஆரம்பித்தால் ஸ்கூல் பையன் மாதிரி இருக்குமே, 'அன்லெஸ்' என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்குமே என்று ஒரு ஆசை. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை பதில் வரவில்லை. ஜாலி! திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து பஸ் கிளம்பிவிட்டது.

கேட்டுக்கு வெளியே...

காலை ஒன்பது மணிக்கு ஓசூர். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் எங்கள் பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தார். "லிஸ்ட்ல உங்க காலேஜ் பேர் இல்லியே தம்பி." சார் இறங்கிப் போனார், போன் அடித்தார், வேர்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதிகாரியே வெளியே வந்தார். கையில் என் மெயிலின் பிரின்ட் அவுட்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. "நீங்கதானே எழுதியிருக்கீங்க, எங்ககிட்ட இருந்து பதில் வந்தாதான் வருவோம்னு? இன்னிக்கு இங்க மெயின்டனன்ஸ் ஷட் டவுன். யாரையும் உள்ளே விட முடியாது. அதனாலதான் நான் பதில் போடலை. நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

சார் மெயிலை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மெயிலைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க என்னிடம் வார்த்தை இல்லை, 91 மார்க் இருந்தும்!

பஸ்ஸில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. என் பக்கத்து சீட்டில் 'ஒயரிங்' உட்கார்ந்திருந்தான். சனி, ஞாயிறுகளில் அவன் மாமாவோடு புது வீடுகளுக்கு ஒயரிங் வேலைக்குப் போவான். அதனால் அந்தப் பெயர். அவன் கட்டிய 400 ரூபாய், சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்த காசு. பெரிய கன்ட்ரோல் பேனலை அவன் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறான். உள்ளே போனால் கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் பதினோரு கேள்விகள் எழுதி வைத்திருந்தான், தமிழில். கேட்டைத் தாண்டாமலே பஸ் திரும்பியபோது அந்த நோட்டை மெதுவாகப் பைக்குள் வைத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் தர்மபுரி வந்ததும், பின் சீட்டுக் கூட்டம் சாரின் காலில் விழாத குறையாகக் கெஞ்ச, பஸ் பென்னாகரம் ரோட்டில் திரும்பி ஒகேனக்கல்லில் நின்றது. காவிரி, பரிசல், சுடச்சுட மீன் வறுவல் என்று வகுப்பே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. எனக்கு மட்டும் மீன் முள் தொண்டையில் நின்ற மாதிரியே இருந்தது, நான் மீன் சாப்பிடாமலே. ஒயரிங்குக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஒளிந்திருக்கும் நாட் கேட்

ஒரு வாரம் கழித்து எங்கள் இங்கிலீஷ் மேடம் கூப்பிட்டார். டிபார்ட்மென்ட் முழுக்கக் கதை பரவியிருந்தது. "அந்த மெயிலைக் காட்டு" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"முதல்ல தமிழ்ல சொல்லு. என்ன சொல்ல நினைச்சே?"

"பதில் வரலைன்னா வந்துடுவோம், மேடம்."

"வரலைன்னா... இதைப் பிரிச்சு எழுது."

எழுதினேன். வர + இல்லை + என்றால். மூன்று வார்த்தைகள்! தினமும் நூறு தடவை சொல்கிறோம், 'சாப்பிடலைன்னா', 'படிக்கலைன்னா', 'பஸ் கிடைக்கலைன்னா' என்று. ஒரே மூச்சில் சொல்வதால் உள்ளே மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது தெரிவதில்லை. எழுத்துத் தமிழில் இன்னும் இறுக்கம். 'வராவிட்டால்', 'இல்லையேல்', 'இன்றேல்' என்று வினையும் மறுப்பும் நிபந்தனையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

"இப்போ இங்கிலீஷுக்கு வா. இஃப் என்றால் 'என்றால்' மட்டும்தான். இல்லையை நீ தனியா 'டோன்ட்'னு போடணும். ஆனா அன்லெஸ்? அதுக்குள்ளேயே இல்லையும் இருக்கு, என்றாலும் இருக்கு. நீ 'வரலைன்னா'வில் இருக்கிற இல்லைக்கு ஒரு டோன்ட் போட்டே. அந்த இல்லையை ஏற்கெனவே விழுங்கிட்டு உட்கார்ந்திருக்கிற அன்லெஸ்ஸையும் முன்னாடி போட்டே. ரெண்டு இல்லை ஆயிடுச்சு."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. டிஜிட்டல் லேபில் பார்த்திருப்பீர்களே, ஐ.சி. 7404? பதினான்கு கால் பூச்சி. உள்ளே ஆறு நாட் கேட். ஒரு நாட் கேட்டுக்கு 1 கொடுத்தால் 0 வரும். அந்த அவுட்புட்டை இன்னொரு நாட் கேட்டுக்குக் கொடுத்தால் மறுபடியும் 1. இரண்டு நாட் கேட் வரிசையாகப் போட்டால் போட்டதே தெரியாது, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். அன்லெஸ் என்பது உள்ளேயே ஒரு நாட் கேட் வைத்துத் தயாரிக்கப்பட்ட வார்த்தை. அதன் பின்னால் நான் டோன்ட் என்ற இன்னொரு நாட் கேட்டை மாட்டினேன். 'பதில் வரலைன்னா வருவோம்' என்பது 'பதில் வந்தா வருவோம்' என்று ஆகிவிட்டது. அதிகாரி சரியாகத்தான் படித்திருக்கிறார். சர்க்யூட்டில்தான் தப்பு.

மேடம் இன்னொன்றும் சொன்னார். அன்லெஸ்ஸில் உள்ள 'அன்', அன்ஹாப்பியில் வருகிற 'அன்' கிடையாது. பழைய இங்கிலீஷ்காரர்கள் 'ஆன் லெஸ் தேன்' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து அன்லெஸ் ஆனது. 'அதைவிடக் குறைந்த நிபந்தனையில் நடக்காது' என்கிற மாதிரி ஒரு பொருள். நம்ம 'வரவில்லை என்றால்' தேய்ந்து 'வரலைன்னா' ஆனதே, அதே கதைதான். வெள்ளைக்காரனும் அவசரக்காரன்தான்!

புரோகிராமிங் பக்கம் போகிற நண்பர்களுக்கு ஒரு தகவல். பெர்ல், ரூபி மாதிரி சில மொழிகளில் அன்லெஸ் என்று ஒரு கீ வேர்டே உண்டு. அதற்குள் இன்னொரு 'நாட்' போடாதே என்பதுதான் அங்கேயும் அனுபவசாலிகள் சொல்லும் புத்திமதி. மெஷினுக்குக் குழப்பம் வராது. படிக்கிற மனுஷனுக்கு வரும்.

எல்லா இடத்திலும் செல்லாது!

"அப்போ அன்லெஸ் என்றால் இஃப் நாட். அவ்வளவுதானே மேடம்?" என்றேன், பெரிய ஞானம் வந்தவன் போல.

"பாதி இடத்துல. 'அவன் பாஸ் ஆகலைன்னா நான் ஆச்சரியப்படுவேன்.' இதை அன்லெஸ் போட்டுச் சொல்லு பார்ப்போம்."

'ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் அன்லெஸ் ஹி பாஸஸ்.' சொல்லிப் பார்த்தேன். எங்கேயோ இடித்தது. இங்கே அவன் பாஸ் ஆகாததே என் ஆச்சரியத்துக்குக் காரணம். அப்படி இல்லாதது ஒன்றே காரணமாக நிற்கும் இடத்தில் 'இஃப் ஹி டஸின்ட் பாஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். 'இது தவிர மற்றபடி' என்று விதிவிலக்கு சொல்லும் இடத்தில்தான் அன்லெஸ் பொருந்தும். 'மழை வந்தா தவிர, மேட்ச் உண்டு' என்கிற மாதிரி. 'வீ வில் ப்ளே அன்லெஸ் இட் ரெயின்ஸ்.' சந்தேகம் வந்தால் அன்லெஸ் இருக்கும் இடத்தில் 'தவிர' போட்டுப் பாருங்கள். வாக்கியம் நொண்டினால், அது இஃப் நாட் ஏரியா.

அப்புறம் அந்தப் பிரபலமான தப்பு. 'இஃப் யூ வில் நாட் கம், ஐ வில் நாட் கோ.' நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்வது. நாளைக்கு நடக்கப்போவது என்பதால் இரண்டு பக்கமும் 'வில்' போட்டுத் தாளிக்கிறோம். இஃப் இருக்கும் பாதியில் 'வில்' வேண்டாம். 'இஃப் யூ டோன்ட் கம், ஐ வோன்ட் கோ.' எதிர்காலத்தைச் சொல்லும் வேலையை இரண்டாவது பாதி பார்த்துக்கொள்ளும். இதுவும் நமக்குப் புதுசு இல்லை. 'நாளைக்கு நீ வரலைன்னா நான் போக மாட்டேன்' என்கிறோம். 'வரலைன்னா'வில் நாளை எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. காலம் காட்டுவது 'மாட்டேன்'தான்.

நோட்டீஸ் போர்டு சொல்லாதது

இது கிராமரா, லாஜிக்கா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். ஒரு உதாரணம். எங்கள் பிளேஸ்மென்ட் செல் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி: அரியர் எல்லாம் க்ளியர் பண்ணாவிட்டால் இன்டர்வியூவில் உட்கார முடியாது. சீனியர் அண்ணன் ஒருவர் விழுந்து புரண்டு நான்கு அரியரையும் க்ளியர் செய்துவிட்டு, டை கட்டிக்கொண்டு போய் நின்றார். "சி.ஜி.பி.ஏ. பத்தலைப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். "அப்போ எதுக்குய்யா அந்த நோட்டீஸ்?" என்று அவர் கத்தியது கேன்டீன் வரை கேட்டது.

ஆனால் நோட்டீஸ் பொய் சொல்லவில்லை. 'இல்லாவிட்டால் இல்லை' என்றுதான் சொன்னது. 'இருந்தால் உண்டு' என்று எங்கேயும் சொல்லவில்லை. 'நீ சாப்பிடலைன்னா ஐஸ்கிரீம் கிடையாது' என்று அம்மா சொன்னால், சாப்பிட்டால் ஐஸ்கிரீம் நிச்சயம் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். அம்மா வாங்கியும் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் எல்லா நோட்டீஸையும் அம்மா மாதிரியே நம்பிவிடுகிறோம். ஹாஸ்டல் விதியோ, பேங்க் லோன் பேப்பரோ, ஆஃபர் லெட்டரோ, 'அன்லெஸ்' என்று ஆரம்பிக்கும் வரியைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது ஒரு கதவை மூடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. திறப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நடக்கும், நடக்காது, நடந்திருக்கும்

மேடம் தாளின் பின்பக்கம் திருப்பினார். "நாளைக்குப் பரீட்சை இல்லைன்னா படத்துக்கு வருவேன். இது இங்கிலீஷ்ல எப்படி?"

"இஃப் ஐ டோன்ட் ஹேவ் அன் எக்ஸாம் டுமாரோ, ஐ வில் கம்."

"பரீட்சை இருக்கா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

"இருக்கு மேடம். டைம் டேபிள் வந்தாச்சு."

"அப்போ டோன்ட் இல்லை, டிடின்ட். வில் இல்லை, வுட். 'இஃப் ஐ டிடின்ட் ஹேவ் அன் எக்ஸாம் டுமாரோ, ஐ வுட் கம்.'"

நாளைக்கு நடக்கிற விஷயத்துக்கு எதுக்கு இறந்தகாலம்? இதுதான் பல பேருக்கு இடிக்கும். இங்கிலீஷ் இங்கே நேற்றைப் பற்றிப் பேசவில்லை. உண்மையிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கிறது, 'இது நிஜமில்லை, சும்மா நினைச்சுப் பார்க்கிறேன்' என்று. நம்ம 'வந்தால்' என்ற சொல்லையே பாருங்களேன். 'வந்தான்', 'வந்தால்' இரண்டிலும் அதே 'வந்த்'. பார்த்தால் இறந்தகாலம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் 'நாளைக்கு வந்தால்' என்று கூசாமல் சொல்கிறோம். ஆக, நிபந்தனை என்று வந்துவிட்டால் இந்த இரண்டு மொழிகளும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுகின்றன.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தமிழில் 'பரீட்சை இல்லைன்னா வருவேன்' என்று சொன்னால், பரீட்சை இருக்கா இல்லையா என்று கேட்பவன்தான் ஊகிக்க வேண்டும். இங்கிலீஷில் டோன்டா டிடின்டா என்பதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஹெச்.ஆர். இன்டர்வியூவில் 'இஃப் ஐ டிடின்ட் கெட் திஸ் ஜாப், ஐ வுட் டிரை அகெய்ன்' என்று சொன்னால், 'வேலை எப்படியும் எனக்குத்தான், சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்' என்கிற தொனி வரும். 'இஃப் ஐ டோன்ட் கெட் திஸ் ஜாப், ஐ வில் டிரை அகெய்ன்' என்றால் இரண்டுக்கும் தயாராக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை, ஒரு மனநிலை வித்தியாசம்.

கடைசியாக வந்தது 'ஹேட் நாட்'. நடந்து முடிந்ததற்கு. இதற்கு மேடம் உதாரணம் சொல்லவில்லை. "நீயே சொல்லு" என்றார்.

ஒரு வாரமாகத் தூங்காமல் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த வாக்கியம் தானாக வந்தது. "இஃப் ஐ ஹேட் நாட் ரிட்டன் தட் மெயில், தே வுட் நாட் ஹேவ் சஃபர்ட்."

"கிராமர் கரெக்ட்" என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ரெண்டு பக்கமும் நாட் இருக்கு. ஆனா ரெண்டுமே நடந்துடுச்சு, இல்லையா? எழுதினே, கஷ்டப்பட்டாங்க. இந்த வாக்கியத்துல நாட் போட்டது எல்லாம் நடந்தது. போய்த் தூங்கு."

ஒயரிங் எழுந்து நின்றான்

தூங்கினேனா? இல்லை. ஒயரிங்கிடம் 400 ரூபாய் நீட்டினேன். "மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தியே, சரியாப் போச்சு போடா" என்று நடந்துவிட்டான். எனக்கு அது மன்னிப்பாகத் தெரியவில்லை. தள்ளி வைப்பதாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து லாங்குவேஜ் லேப். அன்றைக்கு இதே பாடம். ஆளுக்கொரு 'ஹேட் நாட்' வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லோரும் புத்தகத்தில் இருந்ததையே திருப்பினார்கள். நான் எழுதாவிட்டால் பாஸ் ஆகியிருக்க மாட்டேன், டாக்டர் வராவிட்டால் நோயாளி பிழைத்திருக்க மாட்டான்... ஒயரிங் முறை வந்தது. அவன் லேபில் வாயே திறந்ததில்லை. "நெக்ஸ்ட்" என்று மேடமே தாண்டிப் போவது வழக்கம். அன்றைக்கு அவன் எழுந்து நின்றான். பேப்பர் எதுவும் கையில் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, ஸ்விட்ச் போர்டில் ஒயர் மாட்டுவது போல மாட்டினான்.

"இஃப்... மை ஃப்ரெண்ட்... ஹேட் நாட்... மேட் தட் மிஸ்டேக்... வீ வுட் நாட் ஹேவ்... ஸீன் ஒகேனக்கல்."

ஒரு நொடி நிசப்தம். அப்புறம் லேபே அதிர்ந்தது! விசில், மேஜைத் தட்டல். எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்த பிறகு மெதுவாக, "அதுதான் நான் முதல் தடவை காவிரியைப் பார்த்தது" என்றான்.

அவன் சொன்னதும் என் வாக்கியம்தான் பாஸ். அதே இஃப், அதே ஹேட் நாட், அதே வுட் நாட் ஹேவ். நான் அதைப் பழி சொல்ல வைத்திருந்தேன். அவன் அதில் நன்றி சொல்லிவிட்டான். 'நீ இல்லைன்னா நான் இல்லை' என்று நாம் சொல்வதில்லையா? இரண்டு இல்லைகளைப் போட்டு, இருக்கிற இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறோம். இல்லை, மாட்டேன், நாட், டோன்ட் என்று இத்தனை மறுப்புகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இன்னொருத்தனை ஒப்புக்கொள்ள முடியும் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. எந்த கிராமர் புத்தகத்திலும் இது தலைப்பாக இல்லை.

மெயின் ஆஃப்!

தேர்ட் இயரில் மறுபடியும் ஐ.வி. வேறு தொழிற்சாலை. மெயில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "இவனைத் தவிர யார் வேணாலும்" என்று கோரஸ். ஒயரிங் மட்டும் சொன்னான்: "இவன்தான் எழுதணும். ஒருதடவை ஷாக் அடிச்சவன், மெயினை ஆஃப் பண்ணாம ஒயரைத் தொட மாட்டான்."

எழுதினேன். அன்லெஸ் இல்லை. இஃப் நாட்கூட இல்லை. 'வீ வில் கம் ஒன்லி இஃப் யூ கன்ஃபர்ம் தி டேட். ப்ளீஸ் ரிப்ளை.' நீங்கள் உறுதி செய்தால்தான் வருவோம், தயவுசெய்து பதில் போடுங்கள். கெத்து கொஞ்சம் குறைவுதான். ஆனால் இதை யாராலும் தலைகீழாகப் படிக்க முடியாது. அடுத்தவருடைய காசும் நாளும் ஒரு வரியில் தொங்குகிறது என்றால், அந்த வரியில் மறுப்பைக் குறைத்துவிடுங்கள். மறுப்பு வந்தே தீரும் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். எழுதிய பிறகு தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சொல்ல நினைத்ததே திரும்பி வந்தால், அனுப்புங்கள்.

இரண்டாம் நாளே பதில் வந்தது. போனோம். கேட் திறந்தது. ஆளுயரக் கன்ட்ரோல் பேனல் முன்னால் ஒயரிங் நின்றான். பையிலிருந்து அதே பழைய நோட்டை எடுத்தான். அங்கிருந்த இன்ஜினீயர் ஒன்பதாவது கேள்விக்கே "டைம் ஆச்சு தம்பி" என்று வாட்ச்சைப் பார்த்தார். அவன் விடவில்லை. பதினொன்றையும் கேட்டுவிட்டுத்தான் வந்தான். தமிழில்தான். பதிலும் தமிழில்தான் வந்தது.

சரி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு டெஸ்ட். கீழே இருப்பதில் எத்தனை மறுப்பு இருக்கிறது, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று நீங்களே கண்டுபிடியுங்கள். இது ஒயரிங்குக்கும் சேர்த்து, உங்களுக்கும் சேர்த்து:

நீங்கள் பொறுமையாகப் படிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கடைசி வரி வரை நாம் சேர்ந்து வந்திருக்க மாட்டோம்!